வராத பாதையின் வளைவு

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை வீட்டு வாசல் படலையில் நின்றபடியே, "உன்ரை றோட்டு என்ரை காணியை விழுங்கிப்போட்டுது, பிள்ளை" என்று சொல்லிவிட்டு அப்பாவின் தங்கை பாலேஸ்வரி மாமி திரும்பிப் பார்க்காமல் போனாரே, அன்றிலிருந்து தர்சிகாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளிடம் ஏது றோட்டு? பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிப்பிக்கிற ஒருத்தியிடம் இருப்பவை கேள்விகள் மட்டும்தான். மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போகிற நேரம் பாதியாகக் குறைந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பிள்ளையை எங்கே படிக்க விடுவீர்கள்? சட்டை தைக்க ஊரில் கொடுப்பீர்களா, பட்டினத்துக்குக் கொண்டுபோவீர்களா? காணியை விற்பீர்களா, வைத்திருப்பீர்களா?

போக்குவரத்து இலகுவானால் ஒரு ஊர் வளருமா, இல்லை பக்கத்துப் பட்டினம் அந்த ஊரை உறிஞ்சிக் குடித்துவிடுமா என்பதுதான் அவளுடைய ஆய்வு. கேட்பதற்கு ஒரு பாதை தேவைப்பட்டது. அதனால் கற்பனையில் ஒன்றைப் போட்டுக்கொண்டாள். கற்பனை என்று வீட்டுக்கு வீடு சொல்லத்தான் சொன்னாள். சனம் அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பிடித்துக்கொண்டது.

மாமியை உடனே போய்ப் பார்த்திருக்க வேண்டும். முடியவில்லை. கிழமை முழுக்க ஆய்வு வேலை. நேற்றும் அவளும் அவளுடைய மாணவர்கள் அத்தனை பேரும் காங்கேசன்துறையில், இந்தியாவுக்குக் கப்பலேற வந்த சனத்தை மறித்துக் கேள்வி கேட்டுக்கொண்டு நின்றார்கள். வெயிலில் காய்ந்து வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையின் முன் இருந்தபோதுதான், அண்ணன் சிவகரன் கைத்தொலைபேசியைப் பார்த்தபடி சொன்னான்.

"நாளைக்குப் பின்னேரம் மாமி காணியை வித்து எழுதுறா. அப்பாவும் உறுதி எழுதுற நொத்தாரிசிட்டை வரவேணும்."

உப்பு எடுத்துத் தா என்று கேட்பதுபோலச் சொன்னான். அப்பா பஞ்சலிங்கம் தலையை நிமிர்த்தவில்லை. அம்மா வீட்டில் இருந்திருந்தால் கரண்டியைப் போட்டு உடைத்திருப்பார். அவர் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு என்று கனடாவுக்குப் போய் இன்னும் வந்து சேரவில்லை.

விடிந்ததும் தர்சிகா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாமியின் வீட்டுக்குப் போகிற ஒழுங்கைக்குள் இறங்கினாள்.

படலைக் கட்டைக்கு முன்னால் மாமி குந்தியிருந்தார். ஒரு கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல், மற்றக் கையில் தேங்காய்த் தும்பு. தர்சிகாவின் மாணவர்கள் கட்டையில் சின்னதாக வைத்த நீலப் புள்ளி இப்போது உள்ளங்கை அளவுக்குப் பரவிவிட்டிருந்தது. தேய்க்கத் தேய்க்க அது அழியாமல் அகலமாகிக்கொண்டே போனது.

"மாமி, என்ன செய்யிறியள்?"

"பாத்தால் தெரியேல்லையே. நீ வைச்ச அடையாளத்தைத் துடைக்கிறன்."

"உது வீடு தெரியிறதுக்கு வைச்சது. இந்த ஒழுங்கையிலை ஒரு வீட்டுக்கும் இலக்கம் இல்லை. இரண்டாந்தரம் கேள்வி கேக்க வாற பிள்ளையளுக்கு வீடு மாறிப்போகும் எண்டுதான்..."

"கீரிமலையிலையும் முதல் இப்பிடித்தான் ஒரு அடையாளம் வந்தது. பிறகு ஆமிக்காரற்றை கம்பி வந்தது. உன்ரை மாமா அந்தக் கம்பிக்கு இஞ்சாலை நிண்டு எங்கடை மாமரத்தைப் பாத்துக்கொண்டே செத்துப்போனார். காணியைத் திருப்பி விடேக்கை அவரும் இல்லை, மரமும் இல்லை."

மாமி குரலை உயர்த்தவில்லை. அதுதான் தர்சிகாவைச் சுட்டது. பெயின்ற் தகரத்தைக் கடையில் போய் வாங்கியதே அவள்தான். நீலமா பச்சையா நன்றாகத் தெரியும் என்று மாணவர்களோடு சிரித்துக் கதைத்து வாங்கினாள். வேறு எந்த ஊரிலிருந்தாவது வந்த ஒருத்தி இதைச் செய்திருந்தால் மன்னிக்கலாம். வேலியிலும் கல்லிலும் பெயின்ற் கண்டால் காணி போகப்போகிறது என்று அஞ்சுகிற சனத்துக்குள் பிறந்து வளர்ந்தவள், ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். வெட்கத்தில் அவளுக்குக் காது எரிந்தது.

"பிழைதான் மாமி. அது என்ரை பிழை. ஆனால் பாதை எண்டு ஒண்டு இல்லை. உங்கடை காணியை ஒருத்தரும் எடுக்க வரேல்லை. இண்டைக்கு எழுதாதேங்கோ."

"நீ இல்லையெண்டுதான் சொல்லுவாய் எண்டு அந்த ஆள் முதலே சொன்னது. அரசாங்க அலுவலாம். வெளியிலை விட்டால் உன்ரை வேலை போகுமாம்."

"எந்த ஆள்?"

"சொல்லமாட்டன். மருதடிப் பிள்ளையாரிலை சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன்."

வீட்டுக்குள்ளிருந்து தனுசியா வந்தாள். மாமிக்கு ஒரே மகள். வருகிற ஆவணியில் கலியாணம். வளவின் மூலையில் அவளுடைய வீட்டுக்கென்று கல்லும் மணலும் குவித்துக் கிடந்தன. மணல் மேட்டில் நாய் குழி தோண்டிப் படுத்திருந்தது.

அந்த வளவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தர்சிகாவின் பேரனார், அப்பாவின் தகப்பன், விட்டுப்போன காணி. ஒரு பாதி அப்பாவுக்கு, அதில் அவர் வீடு கட்டவில்லை; மறு பாதி மாமிக்கு. இன்றுவரை பிரித்து எழுதவில்லை. அண்ணனும் தங்கையும் நடுவில் வேலி போடாமல் இருந்ததை ஊரே அதிசயமாகப் பார்த்தது. கீரிமலையை விட்டு ஓடிவந்த மாமி, தன் பாதியில் இரண்டு அறை வீடு ஒன்றைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டார். இதையும் விற்றால் தாய்க்கும் மகளுக்கும் வாடகை வீடுதான். கொண்டாவிலில் ஒன்றைப் பார்த்துப் பேசியும் ஆயிற்று.

"அம்மாவை இனிக் குழப்பாதேங்கோ, மச்சாள்," என்றாள் தனுசியா. "பறிகொடுக்கிறதைவிட விக்கிறது பறவாயில்லை."

"அந்த ஆள் என்னதான் சொன்னது? அதையாவது சொல்லுங்கோ."

மாமி தும்பைக் கீழே வைத்தார். சத்தியம் ஆளின் பெயருக்குத்தானே ஒழியக் கதைக்கு இல்லை என்று அவருக்குள் ஒரு கணக்கு ஓடியிருக்க வேண்டும்.

"றோட்டு நேரை வந்து, குளத்தடியிலை வளைஞ்சு, குளத்தைச் சுத்திக்கொண்டு என்ரை பாதியை நடுவாலை வெட்டிக்கொண்டு போகுதாம். கிணறும் போகுதாம். அண்ணையின்ரை பாதிக்கு ஒண்டும் இல்லையாம்."

தர்சிகா படலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவளும் மாணவர்களும் ஊருக்குள் கேட்ட பாதை நேரான பாதை. குளத்துப் பக்கமே போகாது. குளத்தடியில் வளைகிற ஒரு பாதையை அவள் ஒரே ஒருதரம்தான் உண்டாக்கினாள். அதுவும் புட்டில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நீ அப்படி என்னதான் ஆராய்கிறாய் என்று அப்பா கேட்டார். அவர் கேட்டதே பெரிய காரியம். அவள் உற்சாகத்தில் தட்டைத் தள்ளி வைத்து, புட்டை உதிர்த்து மேசையில் ஒரு கோடு போட்டாள். சம்பல் கிண்ணம்தான் குளம். ஒரு வாழைப்பழத்தை வைத்து, இது எங்கடை காணி என்றாள். பாதை காணிக்குப் பக்கத்தால் போனால் விலை ஏறும், உள்ளால் போகுமென்றால் விழும் என்று புட்டுக்கோட்டைக் கிண்ணத்தைச் சுற்றி வளைத்துக் காட்டினாள். இதில் பகிடி என்னவென்றால், பாதை வரவே தேவையில்லை, வருகிறது என்ற கதை வந்தாலே விலை ஆடிவிடும் என்றாள். சிவகரன் சிரித்தான். அப்பா மட்டும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "உது எல்லா ஊரிலையும் அப்பிடித்தானோ?" என்று ஒரு கேள்வி கேட்டார். "ஓம் அப்பா, எல்லா ஊரிலையும்," என்று சொல்லிவிட்டு அவள் அந்தப் பாதையைச் சம்பலோடு குழைத்துச் சாப்பிட்டாள்.

மேசையில் இருந்தது மூன்று பேர். அவள் யாருக்கும் சொல்லவில்லை. அப்பா சொல்லமாட்டார். அவர் வாயிலிருந்து நாலு சொல் வாங்குவதற்கே நாள் பார்க்க வேண்டும். மிச்சம் ஒருவன்தான்.

"காணிக்கு ஆளைக் கொண்டுவந்தது அண்ணைதானே மாமி?"

"ஓம். ஜெயசுதன் எண்டு ஒருத்தர். அவருக்குக் கொழும்பிலை ஆள் இருக்காம். அரசாங்கம் எடுத்தாலும் நட்டஈட்டை விடாமல் வாங்கிப்போடுவாராம். குறைஞ்ச விலைதான். ஆனா வேறை ஆர் வாங்குவினம்?"

"கிணத்துத் தண்ணி குடிச்சுப் பாத்தவரோ?"

மாமி யோசித்தார். "இல்லை. உள்ளுக்கே வரேல்லை. மோட்டச்சைக்கிளிலை இருந்தபடி வேலியாலை எட்டிப் பாத்திட்டுப் போயிட்டார்."

கிணற்றுத் தண்ணீரை ஒரு மிடறு வாயில் வைக்காமல் காணி வாங்குகிறவன் இந்தக் குடாநாட்டில் இன்னும் பிறக்கவில்லை. ஒரு வளவில் நன்னீர், அடுத்த வளவில் உவர் என்று இருக்கிற ஊர். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவன்கூட, தண்ணி எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் மற்றக் கதை. வாளியைத் தொடாதவன் வாங்க வந்தவன் இல்லை. அப்படியென்றால் எதற்கு வந்தான்?

சிவகரனுடைய மோட்டார்சைக்கிள் உதிரிப்பாகக் கடை மானிப்பாய்ச் சந்திக்குக் கிட்ட, பழைய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருந்தது. கடை அப்பா போட்டுக் கொடுத்தது. காணி பார்த்துக் கொடுப்பது அவனாகத் தேடிக்கொண்டது. தர்சிகா உள்ளே போனபோது அவன் ஒரு சங்கிலியை எண்ணெயில் ஊறவைத்துக்கொண்டிருந்தான்.

"ஆர் உந்த ஜெயசுதன்?"

"என்னோடை படிச்சவன்."

"அவன் ஏன் தண்ணி குடிச்சுப் பாக்கேல்லை?"

"தாகமில்லையாக்கும்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. மாமியின்ரை தலையிலை உந்தக் குளத்தடி வளைவை ஏத்தினது ஆர்? நான் அதை வீட்டு மேசையிலை மட்டும்தான் காட்டினனான்."

சிவகரன் சங்கிலியைத் தூக்கி எண்ணெய் வடிய விட்டான். முகம் கறுத்துவிட்டது.

"நான் சொல்லேல்லை."

"பொய்."

"தர்சி, என்னைப் பார். அந்தக் கதையை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஆளைக் கொண்டுவரச் சொன்னது, கொண்டுவந்தனான். அவ்வளவுதான்."

"ஆர் கொண்டுவரச் சொன்னது?"

அவன் சங்கிலியைத் திரும்ப எண்ணெய்க்குள் விட்டான்.

"அப்ப அப்பாவோ போய் மாமிக்குக் கதை சொன்னவர்?" என்று அவள் நக்கலாகக் கேட்டாள்.

வாசலில் ஒருவர் பிறேக் கட்டை கேட்டு வந்தார். சிவகரன் ஏணியைப் போட்டு மேல்தட்டில் ஏறினான். கையெட்டும் தூரத்தில், கீழ்த்தட்டில், அதே சாமான் பெட்டி பெட்டியாக இருந்தது. அவன் மேலேயே நின்று தேடிக்கொண்டிருந்தான். குற்றமுள்ள நெஞ்சு என்று தர்சிகா தனக்குள் தீர்ப்பு எழுதிவிட்டு வெளியே வந்தாள். ஆயிரம் வீட்டில் கேள்வி கேட்டுப் பழகியவளுக்கு, பதில் வராத இடத்தில் கொஞ்சம் பொறுத்து நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் என்றபடியால் பொறுக்கவில்லை.

பின்னேரம் அப்பாவோடு பஸ்ஸில் பட்டினத்துக்குப் போனாள். ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றால் அப்பா கேட்கமாட்டார். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற ரைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். பஸ் போகிற இடத்துக்குப் பஸ்ஸில்தான் போகவேண்டும் என்பது அவருடைய சமயம். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சேட், மடக்குக் குடை. யன்னல் பக்கம் இருந்துகொண்டார்.

வழியில் தர்சிகாவுக்குத் தெரிந்த தையல்காரப் பெண்ணின் கடை பூட்டிக் கிடந்தது. வாரா வாரம் கூடுகிற பஸ்களில் ஏறி, ஊர்ப் பெண்கள் பட்டினத்தில் தைத்த சட்டை வாங்கப் போய்விட்டார்கள். ஆய்வில் அதை எழுதும்போது அது ஒரு எண். இங்கே பார்த்தால் அந்தப் பெண்ணின் பூனை மூடிய கதவுக்கு முன்னால் இருந்தது. ஒரு பாதை எல்லாருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள், அதை இந்தக் கிழமைதான் கண்ணால் கண்டாள்.

"அப்பா, மாமியை ஆரோ ஏமாத்துறாங்கள்."

"ம்."

"எனக்கு அண்ணையிலைதான் சந்தேகம்."

அப்பா குடையின் பிடியைத் தடவினார். "அவனைப் பேசாதை. அவன் சொன்னதைச் செய்யிறவன்."

யார் சொன்னதை என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய மனம் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. பிரிக்காத பங்குக் காணியைப் பங்காளியைக் கேட்காமல் வெளியாருக்கு விற்க முடியாது. அது யாழ்ப்பாணத்துத் தேசவழமை. வெளியான் ஒருவன் ஒரு விலை சொன்னால், அதே விலைக்குப் பங்காளி எனக்குத் தா என்று கேட்கலாம். கேட்டால் அவனுக்குத்தான் கொடுக்க வேண்டும். அப்பா இன்று பட்டினத்துக்குப் போவதே, எனக்கு வேண்டாம் என்று கையெழுத்து வைக்கத்தான்.

"அப்பா, கையெழுத்து வையாதேங்கோ. நீங்களே எடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

அப்பா மெல்லத் திரும்பினார். அவர் கண்ணில் வந்தது என்னவென்று அவளுக்கு அப்போது பிடிபடவில்லை.

"நீயோ சொல்லுறாய், என்னை வாங்கச் சொல்லி?"

"ஓம். காணி எங்கடை கையிலை நிக்கட்டும். மாமியின்ரை பயம் தெளிஞ்சாப் பிறகு திருப்பிக் குடுப்பம். தனுசியா வீட்டைக் கட்டட்டும்."

"பிறகு என்னிலை குறை சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டன்."

"பாப்பம்," என்றார் அப்பா. அதற்குப் பிறகு பஸ் ஸ்ராண்ட் வரும்வரை அவர் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார். தர்சிகாவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. அப்பா இருக்கும்வரை அண்ணன் நினைத்தது நடக்காது.

நொத்தாரிசு பரமலிங்கத்தின் கந்தோர் நீதிமன்றத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் இருந்தது. மாமியும் தனுசியாவும் முதலே வந்து மர வாங்கில் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். மாமி திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார். எதிரில் சிவகரன், பக்கத்தில் ஜெயசுதன். ஜெயசுதன் மணிக்கட்டில் தங்கச் சங்கிலி, வாயில் சுவிங்கம். காணி வாங்க வந்த பதற்றம் அவனிடம் மருந்துக்கும் இல்லை.

பரமலிங்கம் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார்.

"பஞ்சலிங்கத்தார், இவ தன்ரை பங்கை வெளியாருக்கு விக்கப்போறா. நீங்கள் பங்காளி. உங்களுக்கு ஆட்சேபனை ஒண்டும் இல்லைத்தானே? இல்லையெண்டால் இதிலை ஒரு கையெழுத்து."

"இருக்கு," என்றார் அப்பா. "அந்த விலைக்கு நானே எடுக்கிறன்."

தர்சிகா சிவகரனைப் பார்த்தாள். அவன் வெற்றி தோல்வி எதுவும் இல்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மாமியின் கண் கலங்கிவிட்டது. அவர் எழுந்து வந்து அண்ணனின் பக்கத்தில் நின்றார்.

"காணி உங்களிட்டை நிக்கிறது எனக்குச் சந்தோசம்தான் அண்ணை. ஆனா ஏன் இந்த நட்டத்தைத் தலையிலை போடுறியள்? றோட்டு வெட்டிக்கொண்டு போகப்போற காணி. அதை எனக்கு வந்து சொன்னதே நீங்கள். தெரிஞ்சுகொண்டு ஏன் விழுறியள்?"

பாசத்தில் சொன்னார். மருதடிப் பிள்ளையாருக்குச் செய்த சத்தியம் போனதுகூட அவருக்குத் தெரியவில்லை.

தர்சிகாவுக்குத் தெரிந்தது. எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. மேசையில் புட்டை மென்றபடி, எல்லா ஊரிலும் அப்படித்தானோ என்று கேட்ட அப்பா. ஏணியிலிருந்து இறங்க மறுத்த அண்ணன். வாங்குவதற்காக அல்லாமல், ஒரு விலை சொல்வதற்கு மட்டும் வந்தவன். வெளியான் ஒருவன் அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னால்தானே பங்காளி அந்த விலைக்குக் கேட்கலாம்.

"அப்ப நான் வாறன் மச்சான்," என்று ஜெயசுதன் எழுந்தான். வாங்க முடியாமல் போனவன் முகம் அப்படி இருக்காது. சிவகரனின் தோளில் தட்டிவிட்டு விசிலடித்துக்கொண்டு போனான்.

"சரி, உறுதியை உங்கடை பேரிலை எழுதுவம்," என்றார் பரமலிங்கம்.

"முதல் என்ரை பேரிலை எழுதுங்கோ. பிறகு என்ரை பாதியையும் சேர்த்து, முழுக் காணியையும் தர்சிகாவுக்கு நன்கொடையாக எழுதுங்கோ. இரண்டையும் இண்டைக்கே முடிச்சுவிடுவம்." அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார். "மூத்தவளுக்கு வீடு குடுத்தாச்சு. இவனுக்குக் கடை. இவளுக்கு நான் குடுத்தது படிப்பு மட்டும்தான். நாளைக்கு நான் கண்ணை மூடினால் இவளுக்கெண்டு ஒரு பிடி மண் வேணும்."

அவ்வளவு நீளமாக அவர் கதைத்து தர்சிகா கேட்டதில்லை. அன்புதான். அதை இல்லையென்று சொல்ல முடியாது. அந்த அன்புக்கு அவர் தன் தங்கையின் கிணற்றைக் கேட்டிருக்கிறார். அதைக் கேட்கும் வழியை மகளிடமே படித்திருக்கிறார்.

பரமலிங்கம் பேனையை மாமியின் பக்கம் நகர்த்தினார். மாமி அதைத் தொடவில்லை. அவர் அண்ணனைப் பார்த்தார், சிவகரனைப் பார்த்தார், கடைசியில் தர்சிகாவில் வந்து கண் நின்றது.

"அப்ப உனக்கே, பிள்ளை?"

"மாமி, எனக்கு ஒண்டும் தெரியாது. எனக்கு இந்தக் காணி வேண்டாம். சத்தியமாகப் பாதை இல்லை. அந்த வளைவு நான் சும்மா மேசையிலை கீறிக் காட்டினது."

"அண்ணை எனக்குச் சொல்லேக்கை, தர்சி சொன்னது எண்டுதான் சொன்னவர். நான் அண்ணையை நம்பேல்லை. உன்ரை படிப்பைத்தான் நம்பினனான்." மாமியின் குரல் இப்போதும் உயரவில்லை. "இல்லாத றோட்டுக்குப் பயந்து நான் விக்கிறன். அதுக்கு நான் விசரி. நீ விசரி இல்லையே. இல்லாத றோட்டுக்குப் பக்கத்திலை உனக்கேன் முழுக் காணி?"

தர்சிகாவிடம் பதில் இருந்தது. ஆனால் இந்த அறையில் அதை நம்ப ஒருவரும் இல்லை. மாமியின் இடத்தில் அவள் இருந்தால், அவளும்தான் நம்பியிருக்கமாட்டாள்.

"தங்கச்சி, இருந்து கதைப்பம்," என்றார் அப்பா.

"இனி என்னத்தைக் கதைக்கிறது? தனுசியாவின்ரை கல்லும் மணலும் அங்கை குவிச்சுக் கிடக்கிறது உங்களுக்குத் தெரியாதே, அண்ணை? கலியாணத்துக்கு நாள் வைச்சுத் தந்ததே நீங்கள்தானே." மாமி மகளின் கையைப் பிடித்து எழுப்பினார். "நான் இண்டைக்கு ஒண்டும் எழுதமாட்டன்."

தனுசியா வாசலில் நின்று திரும்பினாள். அவள் முகத்தில் அழுகை இல்லை, கசப்புத்தான் இருந்தது.

"பாதை இல்லையெண்டு இவ்வளவு சொல்லுறியள், மச்சாள். அப்ப நேற்று முழுக்கக் குளத்தடியிலை மூண்டுகாலிலை கண்ணாடிப் பெட்டி வைச்சு அளந்தது ஆர்? கம்பி கம்பியா நட்டு, சிவப்புத் துணி கட்டிப்போட்டுப் போயிருக்கினம். உங்கடை பிள்ளையள்தானே?"

ஓம் என்று சொல்லிவிட்டால் லேசு. நாளைக்குப் போய் அந்தத் துணிகளைக் கழற்றிவிட்டு மன்னிப்புக் கேட்கலாம். பொய் நாக்கின் நுனிவரை வந்தது.

"இல்லை," என்றாள் தர்சிகா. "என்ரை பிள்ளையளிட்டை அளக்கிற சாமான் ஒண்டும் இல்லை. நேற்று நாங்கள் எல்லாரும் காங்கேசன்துறையிலை நிண்டனாங்கள்."

மாமி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு படியிறங்கிப் போனார். சிவகரன் சட்டென்று தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தான். அவனுக்கும் இது புதுச் செய்திதான் என்பது அந்த முகத்தில் தெரிந்தது. பரமலிங்கம்கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அப்படியென்றால் அவள் கற்பனையில் வளைத்த பாதையை யாரோ உண்மையாகவே அளந்துகொண்டிருக்கிறார்கள்.

அந்த அறையில் ஆச்சரியப்படாதவர் ஒருவர்தான். அப்பா குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா," என்றாள் தர்சிகா. "குளத்தடியிலை அளந்தது ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"வா பிள்ளை," என்றார் அவர். "இந்தப் பஸ்ஸை விட்டால் பிறகு நிண்டுகொண்டுதான் போகவேணும்."